கிழிக்கும் காலண்டரில் இல்லாத நாட்கள்: விசித்திர தினங்களுக்கு ஒரு நாட்காட்டி தயாரிப்பது எப்படி?

எங்கள் ஊர் நூலக வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. தினமும் காலையில் அதில் ‘இன்று’ என்று தலைப்பிட்டு ஒரு செய்தி எழுதுவது பல ஆண்டுகளாக என் வேலை. சம்பளம் கிடையாது, சாக்பீஸ் மட்டும் நூலகக் கணக்கு. ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டர் சொல்லிவிடுகிறது. அது சொல்லாமல் விடும் தேனீ தினம், இட்லி தினம், ஒரு படம் வெளியாகி ஐம்பது ஆண்டு நிறைந்த நாள் போன்றவை என் பங்கு.

2012 ஜூன் மாதம் ஒருநாள் வசமாக மாட்டிக்கொண்டேன். ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தின் நாயகன் காலயந்திரத்தில் வந்து இறங்கும் எதிர்காலத் தேதி இன்றுதான் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். காலயந்திரமாக வரும் காரின் முகப்பில் அன்றைய தேதி ஒளிரும் படம் ஒன்று இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதுதான் என் ஒரே ஆதாரம். நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, “யார் சொன்னது, தம்பி?” என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். “படத்தை யார் சொன்னது?” என்றார்.

1989இல் வந்த இரண்டாம் பாகத்தில் உள்ள தேதி 2015 அக்டோபர் 21. யாரோ எண்களை மாற்றி ஒட்டிய போலிப் படத்தை நான் நம்பியிருக்கிறேன். அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். கீழே இருப்பது அந்த நோட்டிலிருந்து உருவான முறை. பள்ளி அறிவிப்புப் பலகை, குடியிருப்புச் சங்கம், உள்ளூர் இதழ், வீட்டுக் குழு என எதற்காக எழுதினாலும் இது உதவும்.

படி 1: ஐந்து கட்டங்கள்

ஒரு பக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் போடுங்கள்: தேதி, என்ன நாள், யார் அறிவித்தது, எந்த ஆண்டிலிருந்து, ஏன் அந்தத் தேதி. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வரி பலகைக்குப் போகக் கூடாது. பென்சிலில் எழுதி வையுங்கள். விவரம் கிடைத்ததும் பேனாவால் எழுதலாம். என் நோட்டில் எட்டு ஆண்டுகளாகப் பென்சிலிலேயே இருக்கும் ‘உலக’ தினங்கள் சில உண்டு. உலகம் முழுவதும் கொண்டாடுவதாகச் சொல்கிறார்கள். தொடங்கியவர் யார் என்று மட்டும் எவருக்கும் தெரியவில்லை.

படி 2: யார் அறிவித்தது?

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ‘உலக தினம்’ என்ற ஒரே சட்டையைப் பலரும் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே இருப்பவர் வேறு வேறு ஆள்.

முதலில் ஐக்கிய நாடுகள் சபை. ஏதாவது ஒரு நாடு முன்மொழியும், பொதுச் சபை தீர்மானம் நிறைவேற்றும். மே 20 தேனீ தினத்தைக் கேட்டு வாங்கியது ஸ்லோவேனியா. அந்நாட்டின் தேனீ வளர்ப்பு முன்னோடி ஆன்டன் யான்ஷா 1734இல் அந்தத் தேதியில் ஞானஸ்நானம் பெற்றார். சபை 2017இல் ஒப்புக்கொண்டது. நவம்பர் 19 கழிப்பறை தினத்தைச் சிரித்துக்கொண்டே கடந்து போகிறவர்கள் உண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த ஜாக் சிம் 2001இல் அந்தத் தேதியில்தான் தம் அமைப்பைத் தொடங்கினார்; 2013இல் ஐ.நா. அதை ஏற்றது. ஐ.நா. நாள் என்றால் சரிபார்ப்பது எளிது: தீர்மான எண்ணும் ஆண்டும் அதன் தளத்திலேயே கிடைக்கும்.

இரண்டாவது, தொழில் சார்ந்த அமைப்புகள். செப்டம்பர் 2 உலகத் தென்னை தினம். ஆசிய பசிபிக் தென்னைச் சமூகம் என்ற நாடுகளின் கூட்டமைப்பு 1969இல் உருவான தேதி அது. பொள்ளாச்சிப் பக்கம் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

தேநீருக்கு இரண்டு நாட்கள் இருக்கின்றன. தொழிற்சங்கங்களும் சிறு விவசாயிகளும் 2005இல் புதுடெல்லியில் தொடங்கியது டிசம்பர் 15. ஐ.நா. 2019இல் அறிவித்தது மே 21. இரண்டும் சரியான தேதிகளே. தோட்டத் தொழிலாளர் கூலியைப் பற்றி எழுத வேண்டுமானால் நான் டிசம்பரைத் தேர்ந்தெடுப்பேன். அந்த நாள் பிறந்ததே அந்தக் கவலையில்தான். நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் கொழுந்து பறிக்கும் கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள் என்பதால், இந்த நாளை ஒரு கோப்பைப் படத்தோடு முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

மூன்றாவது, தனி மனிதர்கள். மார்ச் 30 உலக இட்லி தினத்தைச் சென்னையின் இட்லி வியாபாரி இனியவன் 2015இல் தொடங்கிவைத்தார். செப்டம்பர் 19 கடற்கொள்ளையர் போலப் பேசும் தினத்தின் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1995 ஜூன் 6 அன்று ஜான் பாவர், மார்க் சம்மர்ஸ் என்ற இரு நண்பர்கள் சுவரில் பந்தடிக்கும் ராக்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டின் நடுவே பழைய கடற்கொள்ளையர் பாணியில் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். இதற்கு ஒரு நாள் வைத்தால் என்ன என்று தோன்றியது. ஜூன் 6 இரண்டாம் உலகப் போரில் நார்மண்டித் தரையிறக்கம் நடந்த நாள். அதில் கேலி கூடாது என்று விலக்கினார்கள். சம்மர்ஸின் முன்னாள் மனைவியின் பிறந்தநாள் செப்டம்பர் 19. அது எப்படியும் மறக்காது என்று அதையே வைத்துக்கொண்டார்கள். ஏழு ஆண்டுகள் அவர்கள் வட்டத்துக்குள்ளேயே இருந்த நாள், 2002இல் டேவ் பேரி என்ற பத்திரிகையாளர் தம் பத்தியில் எழுதியதும் உலகம் சுற்ற ஆரம்பித்தது. ஐ.நா. தீர்மானம் இல்லை, அரசாணை இல்லை. ஆனாலும் தொடங்கியவர், தேதி, காரணம் மூன்றும் துல்லியமாகத் தெரிகிறது. என் நோட்டில் இது பேனாவில்தான் இருக்கிறது.

நான்காவது, காசு கொடுத்து வாங்கிய நாட்கள். அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை, நினைவு நாட்களுக்காகத் தீர்மானம் போட்டே நேரம் போகிறது என்று 1995இல் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது. அந்த இடத்தைத் தனியார் நாட்காட்டி நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. கட்டணம் கட்டினால் உங்கள் பண்டத்துக்கும் ஒரு ‘தேசிய தினம்’ கிடைக்கும். ஜப்பானில் இதை ஒளிக்காமலே செய்கிறார்கள்: நினைவு நாள் சங்கம் ஒன்று கட்டணம் பெற்றுக்கொண்டு பதிவுச் சான்றிதழ் தருகிறது. கட்டண நாள் என்பதற்காகவே தள்ளிவிட வேண்டியதில்லை. மூன்றாவது கட்டத்தில் ‘நிறுவனம்’ என்று எழுதிவிட்டால் போதும். அதன் எடை வாசகருக்குப் புரியும்.

படி 3: ஏன் அந்தத் தேதி?

பலகைக்கு முன்னால் ஆட்கள் நிற்பது இந்தக் கட்டத்துக்காகத்தான். பிறந்தநாள், இறந்தநாள், தொடங்கிய நாள் ஆகியவை சாதாரணம். எண் விளையாட்டில் பிறந்த நாட்களே விசித்திர நாட்காட்டிக்கு உப்பு.

மார்ச் 14 பை (π) தினம். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்பதால் 3, 14 என்று வருகிறது. சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அறிவியல் காட்சியகத்தில் லாரி ஷா என்ற இயற்பியலாளர் 1988இல் தொடங்கினார். வட்டமாக நடந்து, ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள ‘பை’ என்ற பழப் பண்டத்தைத் தின்றார்கள். ஐன்ஸ்டீன் பிறந்த தேதியும் அதுவே. யுனெஸ்கோ பின்னர் அதைச் சர்வதேசக் கணித நாளாக்கியது. நாம் நாளின் எண்ணை முதலில் எழுதுகிறவர்கள். நமக்கு ஏற்றது ஜூலை 22, அதாவது 22/7. பள்ளியில் உருப்போட்ட அந்தப் பின்னம், 3.14ஐவிடப் பையின் உண்மை மதிப்புக்குச் சற்று நெருக்கமானது என்பதைக் கணக்கு ஆசிரியர் யாராவது கரும்பலகையில் போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்.

மே 4 ஸ்டார் வார்ஸ் தினம். படம் வெளியானது 1977 மே 25 அன்று. மே 4க்குக் காரணம் வெறும் சிலேடை. ‘ஆற்றல் உன்னோடு இருக்கட்டும்’ என்ற வசனத்தின் ஆங்கில உச்சரிப்பும் ‘மே நான்கு’ என்பதன் ஆங்கில உச்சரிப்பும் (‘மே த ஃபோர்ஸ்’, ‘மே த ஃபோர்த்’) ஒட்டி ஒலிக்கின்றன. 1979 மே 4 அன்று மார்கரெட் தாட்சர் பிரிட்டனின் பிரதமரானபோதே லண்டன் நாளிதழ் ஒன்றில் இந்தச் சிலேடையில் வாழ்த்து விளம்பரம் வந்துவிட்டது. இரட்டுற மொழிதலில் காளமேகத்தைப் படித்த நமக்கு இது சின்ன விஷயம்தான்.

ஜப்பானியர்கள் இதில் மன்னர்கள். பிப்ரவரி 22 அங்கே பூனை தினம், 1987 முதல். இரண்டு என்ற எண்ணின் ஒலியும் பூனை கத்தும் ஒலியும் அங்கே நெருக்கம்; மூன்று இரண்டுகள் வந்தால் மூன்று முறை ‘நியா’. ஜூலை 17 எமோஜி தினத்துக்குக் காரணம் ஒரு படம்: ஆப்பிள் கருவிகளில் நாட்காட்டி எமோஜி காட்டும் தேதி அது. ஜெரமி பர்ஜ் 2014இல் அதைப் பிடித்துக்கொண்டார். உங்கள் கைபேசியில் அந்த எமோஜியைத் தேடிப் பாருங்கள்.

படி 4: தேதியை உடைத்துப் பார்த்தல்

காரணம் தெரிந்துவிட்டது என்பதால் தேதி சரியாகிவிடாது. நான் இங்கேதான் அதிகம் சறுக்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 23 யுனெஸ்கோவின் புத்தக நாள். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் 1616இல் ‘ஒரே நாளில்’ இறந்தார்கள் என்று மேடைதோறும் சொல்வார்கள். பதிவான தேதி ஒன்று, நாள் வேறு. ஸ்பெயின் 1582இலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது; இங்கிலாந்து 1752 வரை பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் அன்று பத்து நாள் இடைவெளி. ஆங்கிலேயரின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3.

நம் பக்கம் வருவோம். இளையராஜா பிறந்தது ஜூன் 3. கருணாநிதியின் பிறந்தநாளும் அதுவே என்பதால், மரியாதை கருதித் தம்முடையதை ஜூன் 2 அன்று கொண்டாடுகிறார். நீங்கள் ஜூன் 3 என்று எழுதினால் பத்துப் பேர் திருத்துவார்கள், ஜூன் 2 என்று எழுதினால் ஒருவர் திருத்துவார். ‘பிறந்த தேதி’, ‘கொண்டாடும் தேதி’ என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

சென்னை தினமும் இப்படித்தான். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே நிலம் பெற்றதாகச் சொல்லப்படும் 1639 ஆகஸ்ட் 22ஐ அடிப்படையாக வைத்து 2004இல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டி’சோசா ஆகியோர் தொடங்கினார்கள். ஜூலை 22 என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாளைத் தொடங்கிய ஆண்டையும் நிகழ்வு நடந்த ஆண்டையும் ஒன்றாக்காமல் தனித்தனியே எழுதுவது நல்லது.

திரைப்படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழில் உள்ள தேதியை எடுக்காதீர்கள். அது வெளியீட்டுத் தேதி ஆகாது. பழைய நாளிதழில் ‘இன்று முதல்’ என்று கொட்டகைப் பெயர்களோடு வந்த விளம்பரமே முதல் சாட்சி. எந்த ஊரில் வெளியானது என்பதையும் குறியுங்கள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959 மே 16 அன்று இங்கே வெளியாவதற்குச் சில நாட்கள் முன்பே லண்டனில் திரையிடப்பட்டுவிட்டது.

‘தீபாவளிக்கு வந்த படம்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தபால்காரர் ஐயா சொல்லிக் கொடுத்தது. தீபாவளி 19 ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே ஆங்கிலத் தேதிக்குத் திரும்பி வரும். சந்திரனும் சூரியனும் தம் கணக்கை அவ்வளவு நாளுக்கு ஒருமுறை நேர் செய்துகொள்கின்றன. 1991இல் தீபாவளி நவம்பர் 5. 2010இலும் நவம்பர் 5. எனவே 1991 நவம்பர் 5 அன்று வந்த ‘தளபதி’யும் ‘குணா’வும் தீபாவளிப் படங்கள் என்பது சரி. ‘பராசக்தி’ 1952 அக்டோபர் 17. மூன்று முறை 19ஐக் கூட்டினால் 2009. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 17. இதுவும் சரி. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. நான்கு முறை கூட்டினால் 2007; அந்தத் தீபாவளியோ நவம்பர் 8. ஆக அது தீபாவளி வெளியீடாக இருக்க முடியாது. சந்திரக் கணக்கில் கூடுதலாகச் சேரும் அதிக மாதத்தால் எப்போதாவது ஒரு மாதம் தள்ளிப்போகும். அதனால் முடிவாக நாளிதழைப் பார்த்துவிடுங்கள். டீக்கடை வாதத்துக்கு இந்தக் கணக்கே போதும்.

படி 5: எத்தனையாவது ஆண்டு?

தொடக்கமா, நிறைவா? இந்த ஒரு சொல்லால் கெட்ட அழைப்பிதழ்கள் ஏராளம். எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரி 17. நூறு நிறைந்த 2017இல் நூற்றாண்டு விழா எடுத்தார்கள். கருணாநிதி பிறந்தது 1924 ஜூன் 3. 99 நிறைந்து நூறாவது ஆண்டு பிறந்த 2023 ஜூனில் நூற்றாண்டு விழா தொடங்கியது. இரண்டும் தவறில்லை, கணக்குதான் வேறு. ‘நூற்றாண்டுத் தொடக்கம்’, ‘நூற்றாண்டு நிறைவு’ என்று பிரித்து எழுதினால் சண்டை வராது.

வெள்ளி, பொன், பவளம், நூற்றாண்டு என்று 25, 50, 75, 100 மட்டும் பார்க்காதீர்கள். நமக்கு அறுபதும் ஒரு மைல்கல். ஆயிரம் பிறை கண்ட எண்பதும் அப்படியே. முன்கூட்டிக் குறித்துவைக்க ஒரு நாள் சொல்கிறேன்: ஜூன் 24. கண்ணதாசன் 1927இல், எம்.எஸ். விஸ்வநாதன் 1928இல், இருவரும் அதே தேதியில் பிறந்தவர்கள். பாட்டு எழுதியவருக்கு 2027இல் நூறு, மெட்டுப் போட்டவருக்கு மறு ஆண்டு.

படி 6: ஓடும் நாட்கள்

அன்னையர் தினம் மே இரண்டாம் ஞாயிறு. கைபேசி நாட்காட்டியில் தேதியாகப் போடாமல் ‘ஒவ்வோர் ஆண்டும், இரண்டாம் ஞாயிறு’ என்று அமையுங்கள். நிரலாளர் தினம் ஆண்டின் 256ஆம் நாள். சாதாரண ஆண்டில் செப்டம்பர் 13, லீப் ஆண்டில் 12. இதைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 29க்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பிரான்சில் 1980 முதல் அந்தத் தேதியில் மட்டும் வெளிவரும் ஒரு நகைச்சுவை நாளிதழ் இருக்கிறது; நான்கு ஆண்டுக்கு ஓர் இதழ். மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 லீப் ஆண்டு ஆகாததால் அவருடைய பிறந்த தேதி முதன்முதலாகத் திரும்பி வந்தது எட்டு வயதில், 1904 பிப்ரவரி 29 அன்று. அதே நாளில் மதுரையில் பிறந்தவர் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். 1977இல் பிரதமரான மொரார்ஜி அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். இந்த வரியை 2024இல் எழுதிவிட்டேன். அடுத்த முறை எழுத 2028 வரை காத்திருக்க வேண்டும்.

படி 7: களை எடுத்தல்

எல்லா நாளையும் எழுதினால் எதையும் யாரும் படிக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு விசித்திர நாள் போதும்; மீதி நாட்களில் நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகத்தின் பெயரை எழுதுகிறேன். ஒரே தேதியில் பல வந்தால், உங்கள் ஊர்க்காரர் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். மார்ச் 20இல் ஐ.நா.வின் மகிழ்ச்சி தினமும் சிட்டுக்குருவி தினமும் வருகின்றன. நான் எப்போதும் குருவிக்கே இடம் கொடுப்பேன். மகிழ்ச்சியைப் பலகையில் எழுதி வரவழைக்க முடியாது. துக்கம் நடந்த வாரத்தில் வேடிக்கை நாளைத் தள்ளிவையுங்கள். அந்தக் கடற்கொள்ளை நண்பர்களுக்கே அது தெரிந்திருந்தது.

படி 8: ஏதாவது செய்தல்

நாளுக்கு ஒரு சிறு வேலை வையுங்கள், செலவு வேண்டாம். சென்ற முறை ஜூலை 22 அன்று வீட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டும் பூக்கட்டும் நாரும் கொண்டுபோனேன். நூலகத்துக்கு வந்த பிள்ளைகள் தட்டின் விளிம்பைச் சுற்றி நாரைப் பிடித்து, சரியாக முட்டும் இடத்தில் கிள்ளினார்கள். பிறகு அதே நாரைத் தட்டின் குறுக்கே வைத்து மடித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசியில் ஒரு சின்னத் துண்டு மிஞ்சியது. “மிச்சம் வருகிறதே, தப்பாக வெட்டிவிட்டோமா?” என்று கேட்டாள் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி. வேறு தட்டு கொண்டுவந்து பார்க்கச் சொன்னேன். டிபன் பாக்ஸ் மூடி, குடிநீர்ப் பானையின் மூடி, கடைசியில் நூலகரின் வளையல் வரை அளந்தார்கள். எல்லாவற்றிலும் அந்த மிச்சத் துண்டு இருந்தது.

2015 அக்டோபர் 21க்காக மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன். அன்று ஆறு மணிக்கே போய், ‘காலயந்திரம் வந்து இறங்கும் நாள் இன்று, இந்த முறை நிஜம்’ என்று எழுதினேன். ஒன்பது மணிக்குத் தபால்காரர் ஐயா வந்தார். படித்தார். விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகு என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, கீழே தம் அழகான முகவரிக் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘நாயகன், மனிதன் வெளியாகி 28 ஆண்டு. அன்று தீபாவளி.’

“யார் சொன்னது, ஐயா?” என்றேன்.

“இரண்டுக்கும் டிக்கெட் எடுத்தவன் சொல்கிறேன்,” என்று சொல்லிவிட்டு நாளிதழ் மேசைக்குப் போனார்.